போர்வெல் விதியை இறுக்கினால் பில் யார் தலையில் விழும்? (பெங்களூரு நிலத்தடி நீர் – விவாத இழை)

#1 கே.ஆர்.புரம்_கணக்கர்

கர்நாடகச் சட்டமன்றத்துக்கு வரும் மசோதாக்களின் வாலில் நிதிக் குறிப்பு என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஒரே வரிதான்: இந்த நடவடிக்கையால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. தணிக்கை வேலையில் தலை நரைத்தவன் நான். இந்த வரியைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

நிலத்தடி நீர் விதிகளை இன்னும் இறுக்க வேண்டும் என்று நம் சங்கக் கூட்டத்தில் போன ஞாயிறு பெரிய பேச்சு. சரி, இறுக்கலாம். 2011-இல் கர்நாடக நிலத்தடி நீர் சட்டம் வந்தது, 2012-இல் விதிகள் வந்தன. அறிவிக்கப்பட்ட பகுதியில் இருக்கிற போரைப் பதிவு செய், புதுசு போட அனுமதி வாங்கு, துளை போடும் ரிக் வண்டியையும் பதிவு செய். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. பெங்களூரு வடக்கு, தெற்கு, கிழக்கு, ஆனேக்கல் என்று நம்மைச் சுற்றியிருக்கிற தாலுகாக்கள் எல்லாமே அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பட்டியலில்தான். மழையால் வருடம் ஊறுவது நூறு என்றால் எடுப்பது நூறைத் தாண்டிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

என் கேள்வி இதுதான். ஒரு விதியை மாற்றினால், அதை நடத்திக் காட்ட ஆள் வேண்டும், வண்டி வேண்டும், நீர்மட்டம் பார்க்கும் கிணறு வேண்டும், மீட்டர் வேண்டும், மீட்டரைப் படிக்க ஆள் வேண்டும், அபராதம் போட்டால் வழக்கை நடத்த வக்கீல் வேண்டும். "செலவு இல்லை" என்று எழுதினால் ரெண்டில் ஒன்று. விதி நடக்கப்போவதில்லை, அல்லது செலவு வேறு யாருடைய பையிலிருந்தோ போகப்போகிறது. யாருடைய பை என்று கொஞ்சம் பேசலாமா?

#2 ரிக்வண்டி_திருச்செங்கோடு

கணக்கர் சார், பை யாருதுன்னு நான் சொல்றேன். போர் போடுறவங்க பைதான்.

எங்க ஊரிலிருந்து வண்டி எடுத்துக்கிட்டு இந்தியா முழுக்கப் போறோம், பெங்களூரு எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. 2024 மார்ச் 15 முதல் நகரத்துக்குள்ள குடிநீர் வாரிய அனுமதி இல்லாம போர் போடக்கூடாதுன்னு சொன்னாங்க. தப்பில்ல. ஆனா நடந்தது என்ன? அனுமதிக்கு விண்ணப்பம் போட்டவர் காத்துக்கிட்டே இருந்தார். போடாதவர் ராத்திரி பத்து மணிக்கு மேல கூப்பிட்டார். ராத்திரி வேலைக்கு ரேட்டு வேற. ஏஜெண்டுக்கு வேற, தெருவில சத்தம் போடுறவங்கள அமைதியாக்க வேற. நான் போகல, ஆனா போன வண்டிங்க உண்டு.

போர் ரேட்டு எப்படின்னு தெரியாதவங்களுக்கு: அடிக்கு இவ்வளவுன்னு முதல் முந்நூறு அடிக்கு ஒரு விலை. அதுக்கப்புறம் ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். கீழ போகப் போக ராடு கூடும், கம்ப்ரசருக்கு டீசல் கூடும், பிட் தேயும். மேல் மண்ணு சரியாம இருக்க கேசிங் பைப் தனி. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆயிரத்து ஐந்நூறு அடி போயும் வெறும் புழுதி மட்டும் பறந்த இடம் எத்தனையோ. தண்ணி வந்தாலும் வராட்டியும் எங்க பில்லு ஒன்னுதான். அதனால விதி எங்கள நிறுத்தாது சார், பாறைதான் நிறுத்தும்.

#3 விவேக்நகர்_செல்வி

ரிக்வண்டி அண்ணன் சொல்வது சொந்த வீட்டுக்காரர்களின் கதை. எங்கள் தெருவில் யாரும் போர் போடுவதில்லை. பத்துக்குப் பதினைந்து அறையில் எங்கே போடுவது? எங்களுக்கு மாநகராட்சி போர், அதன் பக்கத்தில் காசு போட்டால் இருபது லிட்டர் விழும் சுத்திகரிப்புப் பெட்டி. 2024 கோடையில் அந்தப் பெட்டி முன்னால் காலிக் குடங்களின் வரிசை நாயுடு கடை தாண்டிப் போயிற்று. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் சம்பளத்தில் பிடித்தம். அந்தப் பிடித்தத்தை எந்த நிதிக் குறிப்பிலும் எழுத மாட்டார்கள்.

அந்த மார்ச்சில் அரசே சொன்ன கணக்கு: பொதுப் போர்கள் சுமார் 14,000, அதில் 6,900 வறண்டுவிட்டன. அதாவது விதியை மாற்றாமலே வந்த செலவு இது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

#4 பழைய_வால்வு

செல்வி அம்மா தொட்ட இடத்திலிருந்து கொஞ்சம் எண்களோடு போகிறேன். நீர் வழங்கல் வேலையில் முப்பது வருடம் குழாயோடு குப்பை கொட்டியவன், நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச்சில் முதல்வர் சித்தராமையா சொன்னது: பெங்களூருக்கு ஒரு நாளைக்கு 2,600 எம்எல்டி தேவை. காவிரியிலிருந்து 1,470, போர்களிலிருந்து 650, பற்றாக்குறை சுமார் 500. ஒரு எம்எல்டி என்றால் நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். அதே வருடம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் 775 எம்எல்டியோடு தொடங்கியது, 2007-இல் நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்காக.

காவிரி நீர் தானாக நடந்து வருவதில்லை. காவிரி நீரை ஏற்றுகிற தொரேகாடனஹள்ளி பம்பு நிலையத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர், உயரத்தில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் ஏற்றம். ஆயிரம் லிட்டரை ஐந்நூறு மீட்டர் ஏற்றப் பள்ளிக்கூடப் பௌதிகப்படி 1.36 யூனிட் வேண்டும். பம்பு, மோட்டார் இழப்பைச் சேர்த்தால் இரண்டு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 1,470 எம்எல்டிக்கு நாளொன்றுக்கு இருபத்தொன்பது லட்சம் யூனிட் வாக்கில் வரும்.

இப்போது போருக்கு வாருங்கள். நீர்மட்டம் ஆயிரம் அடியில் இருக்கிற போர், முந்நூறு மீட்டர். ஆயிரம் லிட்டரை ஏற்ற 0.82 யூனிட். ஆனால் ஆழத்தில் கிடக்கிற சப்மர்சிபிள், வைண்டிங் பல தடவை கட்டிய மோட்டார், நாற்பது சதவீதத் திறன் கிடைத்தால் பெரிய விஷயம். அதுவும் இரண்டு யூனிட்தான். காலடியில் இருக்கிற நீரை எடுக்க, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நீரைக் கொண்டுவருகிற மின்சாரம் ஆகிறது! விதியே இல்லாமல் இருபது முப்பது வருடம் ஓட்டியதற்கு நாம் மாதாமாதம் கட்டுகிற தவணை இது. மின் பில்லில் "மோட்டார்" என்று போகிறதே தவிர, நிலத்தடி நீர் செலவு என்று யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

#5 வர்த்தூர்_சம்ப்

// 2,600 எம்எல்டி தேவை, காவிரி 1,470 //

அப்போ தமிழ்நாட்டுக்கு விடவேண்டியதை

#6 நெறியாளர்

வர்த்தூர்_சம்ப், காவிரிப் பங்கீட்டுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். மிச்சப் பதிவை நீக்கிவிட்டேன். இங்கே பூமிக்குக் கீழே உள்ளதைப் பற்றி மட்டும்.

#7 பீன்யா_லேத்து

விதியை மாற்றுவதற்கே ஒரு செலவு உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. விதி கடுமையா தளர்வா என்பது வேறு விஷயம்.

எங்கள் கம்பெனிக்கு இங்கே ஒரு பட்டறை, குஜராத்தில் ஒன்று. கர்நாடகத்துக்குச் சொந்த ஆணையம் இருப்பதால் இங்கே மாநில விதி. அங்கே மத்திய நிலத்தடி நீர் ஆணையம், அதாவது சுற்றுச்சூழல் வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி 1997-இல் வந்தது. 2018 டிசம்பரில் அவர்கள் ஒரு புது அறிவிக்கை போட்டார்கள், நீர் சேமிப்புக் கட்டணம் என்று. நாங்களும் ஆலோசகரைப் பிடித்து, நிலநீர் அறிக்கை தயார் பண்ணச் சொன்னோம். 2019 ஜனவரி முதல் வாரத்திலேயே பசுமைத் தீர்ப்பாயம் அதை நடைமுறைப்படுத்தக் கூடாது என்றது. அறிக்கைக்குக் கொடுத்த பணம் கோவிந்தா. 2020 செப்டம்பர் 24-இல் மறுபடி புது வழிகாட்டுதல், மறுபடி அறிக்கை, தொலைவிலிருந்தே படிக்கிற டிஜிட்டல் மீட்டர் வேறு. இந்தத் தடவை வீட்டு உபயோகம், விவசாயம், நாளைக்குப் பத்து கன மீட்டருக்குள் எடுக்கிற சிறு தொழில் எல்லாவற்றுக்கும் விலக்கு.

பெரிய கம்பெனி இதைத் தாங்கும், பொருளின் விலையில் ஏற்றிவிடும். எங்களைப் போன்ற நடுத்தரப் பட்டறைதான் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆலோசகருக்கு அழுதுகொண்டிருக்கும். விதி எப்படியிருந்தாலும் சரி, பத்து வருடம் மாற்றாமல் இருங்கள் சாமி என்பதுதான் என் கட்சி.

#8 கே.ஆர்.புரம்_கணக்கர்

பீன்யா தம்பி சொன்ன விலக்குப் பட்டியலைக் கவனியுங்கள். விவசாயத்துக்கு விலக்கு. இந்தியா எடுக்கிற நிலத்தடி நீரில் 87 சதவீதம் பாசனத்துக்குத்தான் போகிறது. மிச்சம் 13-ஐ வைத்துக்கொண்டுதான் கட்டுப்படுத்துகிறோம் என்கிறோம். கர்நாடகத்தில் பத்து எச்பி வரையிலான பாசனப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், அதற்காக அரசு மின் நிறுவனங்களுக்குக் கொடுக்கிற மானியம் வருடத்துக்குப் பத்தாயிரம் கோடியைத் தாண்டுகிறது. அதுவும் நிலத்தடி நீர்க் கொள்கைதான், பெயர்தான் எரிசக்தித் துறை. இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்தால் கண்காணிப்புக்கு ஆகிற செலவு தூசு.

செல்வி அம்மாவின் வரிசைக்கும் ஒரு கணக்கு. 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை கட்டியது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 8,000 லிட்டர் 700, 12,000 லிட்டர் 1,000. அதற்கு மேல் பத்து கிலோமீட்டர் வரை 750, 850, 1,200. அதாவது ஐந்து கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்திய விலையிலேயே ஆயிரம் லிட்டர் 83 முதல் 100 ரூபாய். அப்போது வீட்டுக் காவிரி இணைப்பின் முதல் படிநிலையில் ஆயிரம் லிட்டர் 7 ரூபாய். அந்தக் கட்டணம் 2014-இல் வைத்தது, 2025 ஏப்ரலில்தான் மாற்றினார்கள். இடையில் பத்து வருடம் வாரியத்துக்குக் கையைக் கடித்தது. குழாய்க்கு விலை ஏற்றாமல் இருந்தது யாருக்கு லாபம்? குழாய் இருந்தவருக்கு. குழாய் இல்லாதவர் பன்னிரண்டு மடங்கு கொடுத்து டேங்கரில் வாங்கினார். அந்த டேங்கர் நீரும் ஏதோ ஒரு போரிலிருந்து வந்ததுதான்.

புதுப் போருக்குத் தடை போட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கிற வணிகப் போருக்கு மீட்டர் வைக்காவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பழைய போர் வைத்திருப்பவருக்குப் போட்டியே இல்லாத வியாபாரம். நமக்கு விதி, அவருக்கு வருமானம்.

#9 ரிக்வண்டி_திருச்செங்கோடு

இதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். எழுதத் தெரியல.

#10 தங்கவயல்_ரயில்

நான் கோலார் தங்கவயல்காரன், தினமும் ரயிலில் பெங்களூரு வந்து போகிறவன். அம்மா வழியில் பங்காருபேட்டை பக்கம் மூன்று ஏக்கர் நிலம். 87 சதவீதம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் கணக்கர் அய்யா, அந்த 87-க்குள் என் மாமாவும் இருக்கிறார்.

கோலாரில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஏரிதான் இருந்தது, அப்புறம் கிணறு, அப்புறம் போர். மாமா தக்காளிக்காகப் போட்ட போர்களில் ஒன்றில் மட்டும் ஒரு இன்ச் தண்ணீர். மற்றவை எல்லாம் மூடி போட்ட குழாய்களாக வரப்போரம் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கடன். மின்சாரம் இலவசம் என்கிறீர்களே, அது ராத்திரியில் வருகிறது, வந்தாலும் வோல்டேஜ் இல்லாமல் மோட்டார் எரிகிறது. வைண்டிங் கட்டுகிற கடைக்காரருக்கு இவர் கொடுத்த பணத்தைக் கூட்டினால் இலவசம் எவ்வளவு இலவசம் என்று தெரியும்.

பெங்களூரு என்ன செய்கிறது? 2018 முதல் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் தன் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து எங்கள் ஏரிகளுக்கு அனுப்புகிறது. திட்டமிட்டது நாளைக்குச் சுமார் 400 எம்எல்டி. ஏரி நிரம்பியிருப்பதைப் பார்க்க மனசுக்குச் சந்தோஷம்தான், பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியதும் உண்மைதான். ஆனால் மிச்ச அழுக்கையும் கிருமியையும் எடுக்கிற மூன்றாம் நிலை சுத்திகரிப்பு செய்து அனுப்புங்கள் என்று எங்கள் பக்கம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், செலவு அதிகம் என்று பதில். அந்தச் செலவு மிச்சமானது பெங்களூருக்கு. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி நாளைக்கு எங்கள் குடத்துக்கு வந்தால் ஆகும் செலவு யாருக்கு?

#11 பழைய_வால்வு

தங்கவயல் தம்பி கேட்டது நியாயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த நீர் இறங்கி உங்கள் பக்கம் போர்கள் ஊறின சரி, ஆனால் ஊறிய நீரை எவ்வளவு எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நிரப்ப அரசுப் பணம், எடுப்பது அவரவர் மோட்டார். சட்டப்படியும் அப்படித்தான். 1882-ஆம் வருடத்து அனுபோக உரிமைச் சட்டத்தில் தன் நிலத்துக்குக் கீழே வரையறுத்த வழியில் ஓடாத நீரை எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்றம் இறைத்த கிணற்றுக்குப் பொருந்தியது. ஆயிரம் அடி போருக்கும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

#12 விவேக்நகர்_செல்வி

நிலம் இல்லாதவருக்கு நீரும் இல்லை என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

#13 மடிவாளா_மதுரை

தமிழ்நாட்டில் இது எப்படிப் போனது என்று ஒருவரும் சொல்லவில்லையே. சென்னைக்கு மட்டும் 1987-லேயே நிலத்தடி நீர் சட்டம் இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் 2003-இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். ஆணையம், பதிவு, அனுமதி எல்லாம் அதில் உண்டு. பத்து வருடம் அதை அமலுக்கே கொண்டுவரவில்லை. 2013-இல் ரத்து செய்துவிட்டார்கள். கணக்கர் கேட்ட "செலவே இல்லாத விதி"க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, உண்மையிலேயே ஒரு பைசா செலவாகவில்லை!

அதே 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் நடந்தது, அது வேலை செய்தது. காரணம் எனக்குத் தெரிந்த வரை எளிது: செய்யாவிட்டால் வீட்டுக் குழாய் இணைப்பு போகும் என்று பயம், செய்ய ஆகிற செலவு கொத்தனாருக்குக் கொடுக்கிற ரெண்டு நாள் கூலியும் பைப்பும். எங்கள் மதுரை வீட்டில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒரே வாரத்தில் முடித்தார்.

#14 வர்த்தூர்_சம்ப்

நெறியாளருக்கு வணக்கம், இப்போது ஒழுங்காகப் பேசுகிறேன்.

மடிவாளா அண்ணே, இங்கேயும் 2009-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான். 60-க்கு 40 மனையில் இருக்கிற பழைய கட்டடமும், 30-க்கு 40 மனையில் கட்டுகிற புதியதும் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் தண்ணீர் பில்லில் அபராதம் சேரும். எங்கள் வளாகத்தில் என்ன நடந்தது தெரியுமா? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் குழி என்று ஒன்றைத் தோண்டிப் படம் எடுத்து அனுப்பினார்கள். மொட்டை மாடிக் குழாயை அதில் சேர்க்கவே இல்லை. இப்போது அதில் பழைய டைல்ஸ் கிடக்கிறது. சரிபார்க்க வந்தவர் குழியைப் பார்த்தார், குழாயைப் பார்க்கவில்லை.

பில்லோடு சேர்ந்து அபராதம் வருகிறவரைக்கும் விதி வேலை செய்கிறது. ஆள் வந்து பார்க்க வேண்டிய இடத்தில் படுத்துவிடுகிறது. அதனால் போருக்கும் மீட்டர் வைத்துப் பில் போடுவதுதான் வழி. 2014-இல் வைத்த கட்டணப்படி தனி வீட்டுப் போருக்குக் கழிவுநீர்க் கட்டணமாக மாதம் நூறு ரூபாய் போனது, அவ்வளவுதான். நாளைக்கு ஐந்நூறு லிட்டர் எடுத்தாலும் நூறு, ஐயாயிரம் எடுத்தாலும் நூறு.

#15 பீன்யா_லேத்து

மீட்டர் யார் செலவில்? உங்கள் வளாகம் முந்நூறு வீடு, பிரித்தால் ஆளுக்கு ஒரு பீட்சா. தனி வீட்டுக்காரர்? அது ரெண்டு வருடத்தில் உப்படைத்து நின்றுபோனால் மாற்றுவது யார்? போர் நீர் கடினம், மணல் வேறு வரும். சுற்றுகிற மீட்டர் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும், மின்காந்த மீட்டர் விலை அதிகம். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

#16 கே.ஆர்.புரம்_கணக்கர்

தனி வீட்டில் தொடங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். டேங்கர் நிரப்புகிற போர், ஐம்பது வீட்டுக்கு மேலுள்ள வளாகம், ஹோட்டல், கல்யாண மண்டபம், கட்டுமானத் தளம். இந்த ஐந்தை மட்டும் அளந்தால் நகரத்துப் போர் நீரில் பெரும் பங்கு கண்ணில் படும். அவர்களிடம் வாங்குகிற கட்டணத்தைப் பொதுக் கருவூலத்தில் கரைக்காமல் தனிக் கணக்கில் வைத்து, மீட்டர் படிக்கும் ஆளுக்கும், நீர்மட்டக் கிணறுகளுக்கும், செல்வி அம்மா தெருவின் பொதுப் போருக்கும் செலவு செய்ய வேண்டும். மசோதாவின் நிதிக் குறிப்பில் முதல் வருடம் இவ்வளவு செலவு, மூன்றாம் வருடத்திலிருந்து கட்டணத்தில் இவ்வளவு வரும் என்று எழுதட்டும். "இல்லை" என்று எழுதுகிற வரைக்கும் நான் நம்ப மாட்டேன்.

விவசாயிக்கு மீட்டர் என்று நான் சொல்லவே இல்லை தங்கவயல் தம்பி. பகலில் ஏழு மணி நேரம் சீரான மின்சாரம் கொடுத்தாலே உங்கள் மாமாவுக்குப் பாதிச் செலவு குறையும் என்று நினைக்கிறேன்.

#17 சான்ஹோசே_ரிட்டர்ன்

தூரத்து உதாரணம் ஒன்று. கலிபோர்னியாவில் நிலத்தடி நீர் சட்டம் 2014-இல்தான் வந்தது. முதலில் உள்ளூர் அமைப்புகளே திட்டம் போட வேண்டும், திட்டம் தேறாவிட்டால் மாநில வாரியம் கையில் எடுக்கும். அப்படி எடுத்தால் செலவை விவசாயியிடமே வசூலிக்கும்: கிணற்றுக்கு வருடம் 300 டாலர், எடுக்கிற நீருக்கு ஏக்கர்–அடிக்கு (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கிற நீர்) 20 டாலர். 2024 ஏப்ரலில் துலாரே ஏரிப் பகுதியை முதல் ஆளாக அப்படி எடுத்தார்கள், விவசாயச் சங்கம் உடனே கோர்ட்டுக்குப் போனது. பணக்கார மாநிலத்திலும் கதை இதுதான், ஆனால் கட்டணம் எவ்வளவு என்று முன்னாடியே எழுதி வைத்திருந்தார்கள்.

#18 மடிவாளா_மதுரை

கலிபோர்னியா வேண்டாம் அய்யா, பஞ்சாப் போதும். 2009-இல் அங்கே அடிநில நீர்ப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். ஜூன் 10-க்கு முன்னால் நெல் நடவு கூடாது, வெயிலில் ஆவியாகிப் போகிற நீர் மிச்சமாகும் என்று. நல்ல எண்ணம்தான். நடவு தள்ளிப்போனதால் அறுவடை தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க இடைவெளி சுருங்கிற்று. வைக்கோலை அள்ள நேரமில்லாமல் கொளுத்துகிறவர்கள் கூடினார்கள், அதுவும் காற்று அசையாத அக்டோபர் கடைசி, நவம்பரில். டெல்லியில் இருக்கிற என் தம்பி குடும்பம் அந்த மாதங்களில் குழந்தைக்கு நெபுலைசர் வைக்கிறது. புகைக்கு இது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் இதுவும் ஒரு காரணம். பஞ்சாபின் நீர் விதிக்கான பில்லில் ஒரு பகுதி டெல்லி மருந்துக்கடையில் கட்டப்படுகிறது. அதை எந்த நிதிக் குறிப்பில் எழுதுவீர்கள் கணக்கரே?

#19 கே.ஆர்.புரம்_கணக்கர்

எழுத முடியாதுதான். அது வேறு மாநிலத்துப் பை, எந்தத் தணிக்கையாளரும் அவ்வளவு தூரம் போக மாட்டார். ஆனால் ஒன்று சொல்லுங்கள், நீரை மிச்சப்படுத்தத் தேதியை மட்டும் தள்ளினார்களே, இலவச மின்சாரத்தையும் நெல் கொள்முதலையும் தொட்டார்களா? இல்லை. காசு செலவாகாத மாற்றத்தை மட்டும் செய்தார்கள். செலவு காற்றில் போய்ச் சேர்ந்தது. நான் சொல்வதற்கு இது எதிர் உதாரணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

#20 மடிவாளா_மதுரை

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதியை டீ குடிக்கும்போது பேசலாம்.

#21 தங்கவயல்_ரயில்

வரப்போரம் நிற்கிற குழாய்கள் பற்றி எழுதினேனே, அது சம்பந்தமாக ஒரு சந்தேகம். 2024 கடைசியில் கர்நாடகத்தில் 2011 நிலத்தடி நீர் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது இல்லையா, பயன்படாத போரை மூடாமல் விட்டால் நில உரிமையாளருக்கும் போர் போட்டவருக்கும் தண்டனை என்று. அந்த வருடம் ஏப்ரலில் விஜயபுரா மாவட்டம் லச்சியான் கிராமத்தில் போரில் விழுந்த குழந்தையை இருபது மணி நேரம் பக்கவாட்டில் தோண்டி உயிரோடு எடுத்தார்கள். மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் 2019-இல் நாலு நாள் தோண்டியும் காப்பாற்ற முடியாமல் போனது நமக்கெல்லாம் மறக்காது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதற்கு வழிமுறை சொல்லியிருக்கிறது. அதனால் இந்தத் திருத்தத்தை நான் எதிர்க்கவில்லை. மாமாவுக்கு ஒவ்வொரு போரையும் முறையாக மூட என்ன ஆகும்? ரிக்வண்டி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

#22 ரிக்வண்டி_திருச்செங்கோடு

தம்பி, கேசிங் பைப்ப உருவாதீங்க. அதத்தான் நிறையப் பேர் இரும்பு விலைக்குப் போட உருவிடுறாங்க, அப்ப வாய் அகலமாகி மண்ணு சரியும், ஆபத்தே அங்கதான். நிரந்தரமா மூடணும்னா அடியிலிருந்து மேல வரைக்கும் களிமண்ணு, ஜல்லி, மண்ணு போட்டு நிரப்பணும். ஆறரை இன்ச் ஓட்டைங்கறதால ஆயிரம் அடிக்கும் ரெண்டு டிராக்டர் லோடு ரெண்டரை லோடுதான் பிடிக்கும். மெதுவா கொட்டணும், மொத்தமாத் தள்ளினா பாதியில அடைச்சுக்கிட்டு கீழ காலியா நிக்கும். மேல சிமெண்ட் போட்டு முடிங்க.

வருங்காலத்துல தண்ணி ஊறும்னு நம்பிக்கை இருந்தா நிரப்ப வேணாம். இரும்புத் தகட்ட பைப்பு வாயில வெல்டிங் வச்சா போதும். போல்ட்டு மூடி வேணாம், திருடிடுவாங்க. ஊர்ல வெல்டிங் கடைக்காரர் யாராவது ஜெனரேட்டரோட வந்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிரலாம், ஆள் கூலியும் தகடும்தான் செலவு. முடிச்சதும் போட்டோ எடுத்துப் பஞ்சாயத்துல எழுத்து மூலம் கொடுத்து, ரசீது வாங்கி வச்சுக்கங்க.

#23 தங்கவயல்_ரயில்

நன்றி அண்ணே. தகடு எத்தனை எம்எம்?

#24 ரிக்வண்டி_திருச்செங்கோடு

ஆறு போடுங்க. மூணு எம்எம் துருப்பிடிச்சா ரெண்டு மழைதான் தாங்கும்.